பன்னிரண்டு மில்லி

ராயப்பேட்டை,
3 அக்டோபர் 2025

அன்புள்ள தமிழுக்கு,

செப்டம்பர் மாதப் பக்கங்களை இதோடு வைத்திருக்கிறேன். இரண்டு நாள் தபாலாபீஸ் லீவு, அதனால்தான் தாமதம். போனில் படம் எடுத்து அனுப்பினால் போதாது, கையால் எழுதின தாளே வேண்டும் என்கிறாய். எனக்கும் அதுதான் சௌகரியம். போனில் உன் குரல் கேட்டால் நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு, நீ சொல்வதற்கெல்லாம் சரி சரி என்று சொல்லிவிடுகிறேன்.

கண்ணாடிப் பெட்டிக்குள் நீ பூசி அனுப்பிய மஞ்சள் தகடு நிறம் மாறவில்லை. மெட்ரோவுக்குத் தோண்டுகிற புழுதி தினமும் மாடிக்கு வந்துவிடுகிறது, அதனால் எட்டு மணிக்கு முன்னால் பெட்டியின் மேல் கண்ணாடியைத் துடைத்துவிடுகிறேன். எட்டு, பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு. ஐந்து வேளையும் குழாயில் சேர்ந்த வாயுவைக் கண்ணுக்கு நேராகக் குனிந்து பார்த்துத்தான் எழுதுகிறேன்.

இந்த மாதம் ஒரு விஷயம். ஜூலையிலும் ஆகஸ்டிலும் நல்ல வெயில் நாளில் பன்னிரண்டு மில்லி தாண்டியதில்லை அல்லவா? இப்போது முப்பது, முப்பத்திரண்டு என்று ஏறுகிறது. நான் தப்பாகப் பார்க்கிறேனோ என்று மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மாட்டிப் பார்த்தேன். உள்ளதைத்தான் எழுதியிருக்கிறேன்.

கீழ்வீட்டு ஜைதூன் அக்கா மாடிக்குத் துணி காயப்போட வந்து, "இன்னா வேலம்மா, சாராயம் காச்சறியா?" என்று கேட்டார். "இல்லக்கா, வெயில் பட்டா இந்தத் தகடு தண்ணிய ரெண்டா பிரிக்கும். ஹைட்ரஜன் வரும். நாளைக்கு அதுல பஸ்ஸு ஓடும்" என்றேன். குழாயைப் பார்த்தார். "இதுலயா? கண்டக்டர் விசில் ஊதறதுக்கே பத்தாதே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நவம்பர் இருபதாம் தேதி நிதிக் குழு உன்னைக் கூப்பிட்டிருக்கிறது, அவர்கள் திருப்தி அடையாவிட்டால் ஆறு வருட வேலையை இழுத்து மூடிவிடுவார்கள் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து ஒரு வேளை கூடத் தவறாமல் பார்க்கிறேன். உன் அண்ணன் சுகர் மாத்திரையைத்தான் தவறவிடுகிறார்.

அண்ணி,
வேலம்மா


புனே,
9 அக்டோபர் 2025

அண்ணி,

உட்கார்ந்துகொண்டு படியுங்கள். நான் நின்றுகொண்டுதான் எழுதுகிறேன்.

செப்டம்பர் எட்டாம் தேதி காலையிலிருந்து வாயு கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, மாதம் முடியும்வரை. இந்தப் பூச்சில் இப்படி வரும் என்று நான் கனவில்கூடக் கண்டதில்லை. வெயிலிலும் கடற்காற்றிலும் இரண்டு மாதம் ஊறியபிறகு பூச்சு பக்குவப்பட்டு விழித்துக்கொண்டது என்று நினைக்கிறேன். ஆய்வுக்கூடத்து விளக்கின் கீழே இது தெரிந்தே இருக்காது. இங்கே எங்கள் மாடியிலும் ஒரு பெட்டி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதன் பக்கத்தை யாரும் எழுதுவதில்லை. உங்கள் நோட்டில்தான் ஞாயிறு இருக்கிறது.

குழு கட்டாயம் கேட்கும், அதனால் நானே முதலில் கேட்டுவிடுகிறேன். எட்டாம் தேதி என்ன நடந்தது? தண்ணீர் வேறு கடையில் வாங்கினீர்களா? பெட்டியை நகர்த்தினீர்களா? கண்ணாடியைச் சோப்புப் போட்டுத் துடைத்தீர்களா? காக்கை, பூனை எதுவும் தொட்டதா? சின்ன விஷயமாக இருந்தாலும் எழுதுங்கள்.

இருபதாம் தேதிக்கு இது போதும் அண்ணி. இன்னும் மூன்று வருடத்துக்கு நிதி கேட்கப்போகிறேன்.

தமிழ்மொழி


ராயப்பேட்டை,
14 அக்டோபர் 2025

அன்புள்ள தமிழுக்கு,

உன் கடிதம் நேற்றுக் காலை வந்தது. படித்துவிட்டு மாடிக்குப் போய்ப் பெட்டியைப் பார்த்துவிட்டு வந்தேன்.

நீ கேட்டதற்குப் பதில். காய்ச்சி வடித்த தண்ணீர் எப்போதும் போல பேட்டரிக் கடை ஜவஹரிடம்தான் வாங்குகிறேன். பெட்டியை நகர்த்தவில்லை. சோப்புப் போடவில்லை, வெள்ளைத் துணிதான். காக்கை தினமும் வருகிறது, கைப்பிடிச் சுவரோடு சரி. எட்டாம் தேதி திங்கட்கிழமை. அன்று விசேஷமாக ஒன்றும் நடக்கவில்லை.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நான் இந்த வீட்டுக்கு வந்த வருஷம் உனக்குப் பன்னிரண்டு வயது. சமையலறையில் ஹார்லிக்ஸ் பாட்டிலில் உப்புத் தண்ணீர் விட்டு, இரண்டு பென்சில் முள்ளைச் சொருகி, டார்ச் பேட்டரியோடு இணைத்து என்னைக் கூப்பிட்டாய். "அண்ணி, குமிழி பாருங்க. ஒரு பக்கம் அதிகமா வருதுல்ல, அதான் ஹைட்ரஜன்." நான் கல்யாணமாகி ஒன்பது நாள். யாரிடம் என்ன பேசுவது என்றே தெரியாமல் இருந்தேன். நீதான் முதலில் என்னிடம் பேசினாய், அதுவும் இதைப் பற்றி. பத்தாவதோடு நின்ற எனக்கு, பருப்பு வேகிற நேரத்தில் உன் புத்தகத்தைப் படிக்கலாம் என்று அன்றைக்குத்தான் தோன்றியது. நீ பிளஸ் டூ முடித்தபோது நானும் பாதி முடித்திருந்தேன். மாமா கேள்வி கேட்பார், நீ திணறுவாய், நான் தாளித்துக்கொண்டே பதில் சொல்வேன். "பரீட்சை எழுதறது யாருடா இந்த வூட்ல?" என்று அவர் சிரிப்பார்.

வேறு என்ன எழுத. உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி


புனே,
18 அக்டோபர் 2025

அண்ணி,

அவசரமாக நான்கு வரி. முன்சுருக்கத்தைக் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். "சென்னை மாடியில் மூன்று மடங்கு" என்றுதான் தொடங்குகிறது. துறைத் தலைவர் அறைக்கே வந்து கை கொடுத்தார். ஆறு வருடத்தில் அவர் என் அறைக்கு வந்தது இரண்டாவது தடவை. முதல் தடவை வந்தது நாற்காலி எடுக்க.

ஹார்லிக்ஸ் பாட்டிலைப் பற்றிப் படித்து அழுதுவிட்டேன். அப்பா இருந்திருந்தால் இன்றைக்கு ராயப்பேட்டை முழுக்கச் சொல்லிக்கொண்டு நடந்திருப்பார். "எம் பொண்ணும் மருமவளும் சேர்ந்து பண்ணது. கபாலி கோயில்ல ஒரு தேங்கா உடைக்கல, ஒரு சூடம் கொளுத்தல" என்று அதையும் சேர்த்துக்கொண்டிருப்பார்.

தீபாவளிக்கு வரமுடியாது. பலகாரத்தில் என் பங்கை அண்ணனுக்குக் கொடுக்காதீர்கள்.

தமிழ்மொழி


ராயப்பேட்டை,
22 அக்டோபர் 2025

தமிழு,

எட்டாம் தேதி ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதினேன். அது உண்மை. ஏழாம் தேதியைப் பற்றி நீ கேட்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அந்தக் கடிதத்தை ஒட்டினேன். அப்படி ஒட்டியது தப்பு.

ஏழாம் தேதி ஞாயிறு, சந்திர கிரகணம். அன்று மத்தியானம் கோயில் வாசலில் தர்ப்பை வாங்கி வந்தேன். கிரகணத்துக்கு முன்னால் வீட்டிலுள்ள தண்ணீர், தயிர், மாவு, ஊறுகாய் எல்லாவற்றிலும் ஒரு துண்டு போட்டு வைப்பேன். கிரகணத் தோஷம் அதில் இறங்காது என்று என் அம்மா செய்ததுதான். சாயங்காலம் நான்கு மணிக்கு மாடியில் குழாயைப் பார்த்து எழுதிய பிறகு, பெட்டிக்குத் தண்ணீர் போகிற வெள்ளைக் கேனைப் பார்த்தேன். உன் தண்ணீர், உன் ஆறு வருஷம். அதை மட்டும் எப்படி விட்டுவிடுவது? தர்ப்பையைச் சின்னச் சின்னதாகக் கிள்ளி உள்ளே போட்டேன். கேனின் வாய் சின்னது. மறுநாள் காலை சமையலறையில் இருந்ததையெல்லாம் எடுத்தேன். கேனை மறந்தே போனேன்.

உன் முதல் கடிதத்தைப் படித்ததும் மாடிக்குப் போய்ப் பார்த்தது அதைத்தான். அடியில் பழுப்பாக ஊறிக் கிடந்தது. தண்ணீரில் இலையோ சர்க்கரையோ எது கலந்தாலும் தகடு தண்ணீரை விட்டுவிட்டு அதைத் தின்னும், வாயு கூடும், ஆனால் அது கணக்கில் சேராது என்று நீ ஜூன் மாதம் பெட்டியோடு அனுப்பிய குறிப்பிலேயே எழுதியிருக்கிறாய். மூன்றாம் பக்கம், அடியில். நான் அதைக் கோடு போட்டுப் படித்தவள்.

அந்தக் கேனை மூடித் தனியாக வைத்திருக்கிறேன். பதின்மூன்றாம் தேதி சாயங்காலம் பெட்டியைக் கழுவிப் புதுக் கேன் வைத்தேன். மறுநாள் நல்ல வெயில், பன்னிரண்டு மில்லி. அதற்கு மறுநாள் பதினொன்றரை. பிறகு மழை பிடித்துக்கொண்டது.

நீ சுருக்கத்தை அனுப்புவதற்கு முன்னாலேயே எனக்குத் தெரியும். எட்டு நாள் சும்மா இருந்தேன். மூன்று வருஷம் கிடைத்துவிடட்டும், பிறகு சொல்லலாம் என்றுகூட ஒரு நாள் நினைத்தேன். தீபாவளி அன்று காலை, எட்டாம் தேதி என்ன நடந்தது என்று நீ கேட்டது மறுபடி நினைவுக்கு வந்தது. உன் அண்ணன் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, "இன்னா வேலு, பண்டிகையும் அதுவுமா மூஞ்சி இப்டி கீது?" என்று கேட்டார். அவரிடமும் சொல்லவில்லை. முதலில் உன்னிடம்தான் சொல்லவேண்டும்.

அண்ணி


புனே,
27 அக்டோபர் 2025

அண்ணி,

அந்தக் கேனைத் திறக்காமல், வடிகட்டாமல், உள்ளே இருப்பது இருந்தபடியே எனக்கு அனுப்புங்கள். பதின்மூன்றாம் தேதிக்குப் பிறகான பக்கங்களையும் அனுப்புங்கள்.

துறைத் தலைவரிடம் இன்று போய்ச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "இருபதாம் தேதி நீயே அவர்களிடம் சொல்லிக்கொள்" என்றார்.

எனக்குக் கோபம் தர்ப்பைமேல் இல்லை. யாருக்கும் கை தவறும். ஐந்து வேளை குனிந்து பார்த்து எழுதுகிறவர், புழுதி துடைத்ததைக்கூட எழுதுகிறவர், இதை மட்டும் எழுதவில்லை. உங்கள் நோட்டில் இருப்பதுதான் நடந்தது என்று நம்பித்தானே நான் ஆறு வருட வேலையை அதன்மேல் வைத்தேன்? முப்பத்து மூன்று வருடம் ஒரே வீட்டு மனிதர்கள் நாம். என்னிடம் மறைக்க உங்களுக்கு என்ன இருக்கிறது?

தமிழ்மொழி


ராயப்பேட்டை,
1 நவம்பர் 2025

தமிழு,

கேனை நேற்று அனுப்பிவிட்டேன். பார்சல் ஆபீஸ் பையன், "தண்ணியா? புனேக்கா? அங்க ஆறு இல்லியாம்மா?" என்று கேட்டான். உன் அண்ணன், "கீது தம்பி, அதுல தர்ப்ப இல்ல" என்றார். ஆமாம், அவரிடமும் சொல்லிவிட்டேன்.

மறைக்க என்ன இருக்கிறது என்று கேட்டாய். கேட்டதனால் சொல்கிறேன்.

நீ பத்தாவது செய்முறைத் தேர்வுக்குப் போன அன்று உன் ஜாமெட்ரி பாக்ஸில் துளி விபூதி மடித்து வைத்திருந்தேன். நீ அதைக் கூடத்தில் மாமா முன்னால் எடுத்து நீட்டி, "அப்பா, ஒரு புது ரசாயனம் வந்திருக்கு, இன்னா பார்முலான்னு கேளுங்க" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். மாமா மட்டும் சிரிக்கவில்லை. "வேலம்மா, உன் நம்பிக்கை உன்னோட வச்சுக்கோம்மா. யார் மேலயும் வைக்காத" என்றார். அவர் திட்டியிருந்தால் நானும் இரண்டு நாள் முறைத்துவிட்டு மறந்திருப்பேன். தன் பெயரையே, "கோதண்டபாணின்னு வச்சது எங்கப்பன், குத்தம் என்னுது இல்ல" என்று கேலி செய்கிற மனுஷர், அவ்வளவு தன்மையாகச் சொன்னார். அதை நான் மீறவே இல்லை.

அன்றிலிருந்து இந்த வீட்டில் என் சாமி சமையலறை அலமாரிக்குள், புளி ஜாடிக்குப் பக்கத்தில். விரதம் என்றால் வயிறு சரியில்லை என்பேன். பிரதோஷம் என்றால் காய் வாங்கப் போகிறேன் என்பேன். கிரகணத்தில் தர்ப்பை போடுவதும் எடுப்பதும் எல்லோரும் டிவி பார்க்கிற நேரத்தில். முப்பது வருஷமாகச் சொல்லாமல் செய்து பழகிய கை அது. உன் நோட்டில் எழுதவேண்டும் என்று எனக்குத் தோன்றி, நான் எழுதாமல் விடவில்லை தமிழு. எழுதுகிற காரியங்கள் ஒரு பக்கம், இவை ஒரு பக்கம் என்று எனக்குள்ளேயே பிரிந்துபோயிருக்கிறது. தோன்றவே இல்லை.

எட்டாம் தேதியைப் பற்றி எழுதினேனே, அது வேறு. அது தெரிந்தே செய்தது. அதற்கு நீ எவ்வளவு கோபித்தாலும் தகும்.

பக்கங்கள் இதோடு இருக்கின்றன. மழை நாளில் மூன்று, நான்கு. வெயில் நாளில் பன்னிரண்டு. இனி வேறு யாரையாவது வைத்துப் பார்க்கச் சொல்கிறாய் என்றாலும் சரி. சொல்கிறவரை நான் நிறுத்தமாட்டேன்.

அண்ணி


புனே,
22 நவம்பர் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

மூன்று வாரம் எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் அந்த ஜாமெட்ரி பாக்ஸ் வந்து நிற்கிறது. நான் அதைச் சொன்னதும் எல்லோரும் சிரித்ததும் ஞாபகம் இருக்கிறது. உங்கள் முகம் ஞாபகம் இல்லை. அன்றைக்கு நான் பார்க்கவில்லை போல.

கேன் வந்ததும் அந்தத் தண்ணீரை வைத்து இங்கே ஓட்டினேன். முப்பது மில்லி வந்தது. வாயுவைச் சோதித்தேன். தண்ணீர் பிளந்திருந்தால் ஹைட்ரஜன் இரண்டு பங்குக்கு ஆக்சிஜன் ஒரு பங்கு இருக்கவேண்டும். ஆக்சிஜன் இல்லவே இல்லை. நீங்கள் சொன்னதுதான், தகடு தர்ப்பையைத் தின்றிருக்கிறது. நல்ல தண்ணீரில் இரண்டும் வந்தன, சரியான அளவில், ஆனால் கொஞ்சமாக.

இருபதாம் தேதி குழுவின் முன்னால் நின்றேன். முன்சுருக்கத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று சொல்லித்தான் ஆரம்பித்தேன். ஏன் என்றார்கள். சொன்னேன். கிரகணம், தர்ப்பை, கேன், எல்லாம். ஒருவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார், புரையேறிவிட்டது. இன்னொருவர், "இந்தத் தவறை உங்கள் ஆய்வுக்கூடம் எப்படிக் கண்டுபிடித்தது?" என்று கேட்டார். கூடம் கண்டுபிடிக்கவில்லை, அளவெடுத்தவரே எழுதிச் சொன்னார் என்றேன். அவருடைய தகுதி என்ன என்றார்கள். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ வேதியியல் சமையலறையில், என்றேன்.

கடைசியில் தலைவராக இருந்த அம்மா, "அந்த முப்பத்தாறு நாளை எடுத்துவிட்டால் உங்களிடம் என்ன மிச்சம்?" என்று கேட்டார். பன்னிரண்டு மில்லி என்றேன். அவர் காத்திருந்தார். அப்போதுதான் அண்ணி, உங்கள் பக்கங்களை வரிசையாக மேசைமேல் வைத்தபோது, நானே முதல் தடவையாகச் சரியாகப் பார்த்தேன். ஜூலை முதல் தேதி பன்னிரண்டு. அக்டோபர் முப்பது, வெயில் வந்த அன்று, பன்னிரண்டு. நடுவில் புழுதி, உப்புக் காற்று, மழை, தர்ப்பை எல்லாம் பட்டும் அந்தப் பூச்சு கொஞ்சம்கூடக் கெடவில்லை. உலகத்தில் எல்லோருடையதும் நிறையக் கொடுத்துவிட்டு இரண்டு வாரத்தில் செத்துவிடுகிறது. நான் அதிகம் வருகிறதா என்று மட்டுமே தேடிக்கொண்டிருந்தேன்.

மூன்று வருடம் கிடைக்கவில்லை. உதவிக்குக் கேட்ட இரண்டு பேரும் இல்லை. ஒரு வருடம் கொடுத்திருக்கிறார்கள், ஒரு நிபந்தனையோடு. சென்னை மாடியில் அளவெடுப்பது நிற்கக்கூடாது, அதே கைதான் எடுக்கவேண்டும்.

கை சம்மதிக்குமா?

சம்மதித்தால் என் பக்கமும் ஒரு நிபந்தனை. நோட்டில் கடைசியில் "மற்றவை" என்று ஒரு பத்தி போடுங்கள். அதில் எல்லாவற்றையும் எழுதவேண்டும். புழுதி, காக்கை, ஜைதூன் அக்கா, சாமி காரியம், எல்லாம். நான் சிரிக்கமாட்டேன். வந்தால் இங்கேயே, புனேயிலேயே சிரித்துக்கொள்கிறேன்.

தமிழு


உ

ராயப்பேட்டை,
4 டிசம்பர் 2025

அன்புள்ள தமிழுக்கு,

மேலே பிள்ளையார் சுழி போட்டிருக்கிறேன். இத்தனை வருஷம் உனக்கு எழுதும்போது மனதுக்குள் போட்டுக்கொண்டுதான் எழுதினேன்.

கை சம்மதிக்கிறது. அளவு ஒரு வேளைகூட நிற்கவில்லை. நோட்டில் "மற்றவை" பத்திக்குக் கோடு போட்டாகிவிட்டது. ஸ்கேலைப் பிடித்துக்கொண்டவர் உன் அண்ணன். எதற்கு என்று கேட்டார், சொன்னேன். பிறகு சமையலறைக்குப் போய் அலமாரியைத் திறந்து பார்த்தார். "இவ்ளோ சின்னதா வச்சிக்கினு கீறியே வேலு. புளி ஜாடி சைஸுதான் சாமி" என்றார். முப்பத்து மூன்று வருஷத்தில் அவர் அந்த அலமாரியை உப்புக்காகத்தான் திறந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆணி அடித்துக் கூடத்தில் ஒரு பலகை மாட்டினார். மாமா படத்துக்குப் பக்கத்திலா என்று எனக்குத்தான் தயக்கம். "அவரு சொன்னது யார் மேலயும் வைக்காதன்னுதான? சொவுத்து மேலதான வைக்கிற" என்கிறார். அது சரியான வாதம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வைத்துவிட்டேன்.

மாமா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியவில்லை. நீ திணறி நான் பதில் சொன்ன நாட்களில் அவர் என்னைப் பார்ப்பாரே, அந்தப் பார்வையைத்தான் நினைத்துக்கொண்டேன்.

நேற்று கார்த்திகை தீபம். நான்கு நாளாக ஓயாத மழை, சாயங்காலம் கொஞ்சம் விட்டது. நேற்றைய பக்கத்தை அப்படியே இதன் கீழே எடுத்து எழுதுகிறேன். அசல் தாள் மாதக் கடைசியில் வரும்.

3 டிசம்பர், புதன். காலை 8: இல்லை. 10: இல்லை. 12: அரை மில்லி. 2: அரை மில்லி. 4: அதே. நாள் முழுக்க மழை, வெயில் இல்லை. தண்ணீர்: ஜவஹர் கடை, புதுக் கேன், உள்ளே ஒன்றும் போடவில்லை.

மற்றவை: மாலை 6 மணி, மாடிப்படி முகப்பில் அகல் விளக்கு பன்னிரண்டு. ஹைட்ரஜன் என்பதால் பெட்டியிலிருந்து பதினைந்து அடி தள்ளி, டேப் பிடித்து அளந்தது. ஏற்றியவர்கள்: வேலம்மா, ஏழு. உன் அண்ணன் அறிவு, ஐந்து.

அண்ணி,
வேலம்மா